தங்கவயல் பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

"கே.ஜி.எஃப்-க்கு எதுக்குங்க யுனிவர்சிட்டி கேம்பஸ்? அங்கே இருக்கிற காலேஜில் சேரவே ஆள் இல்லையே!"

ஊரில் இருப்பவர்களும் இதைச் சொல்கிறார்கள், இங்கே மெல்போர்னில் இட்லியைப் பிட்டுக்கொண்டே நம்மவர்களும் சொல்கிறார்கள். ஆதாரமாக மாணவர் எண்ணிக்கையைக் காட்டுவார்கள். அந்த எண்ணிக்கையோடுதான் எனக்குச் சண்டை. நான் கல்வியாளன் இல்லை, பி.காம் படித்த வங்கிக்காரன். ஆனால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கே.ஜி.எஃப் என்றாலே யஷ் படம்தான் என்று நினைக்கிற பிள்ளைகளுக்காக ரெண்டு வரி முன்கதை. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் வெட்ட வந்தபோது வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து நம் ஆட்கள் கூலிக்குப் போனார்கள். அதில் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை இழுத்து மூடினார்கள். அதற்கப்புறம் ஊருக்குச் சோறு போடுவது ரயில்தான். மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன் ஏறி, கிட்டத்தட்ட 100 கி.மீ. தள்ளி பெங்களூரில் இறங்கி, ராத்திரி வீடு திரும்புகிற ஜனம். அதில் வேலைக்குப் போகிறவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? மடியில் நோட்டை வைத்துக்கொண்டு தூங்குகிற காலேஜ் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளை எந்த ஊர்க் கணக்கில் வருகிறான் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தியாவில் உயர்கல்விக் கணக்கை ஏ.ஐ.எஸ்.எச்.இ என்ற அகில இந்திய ஆய்வு எடுக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் தன்னிடம் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுக்கும். 2021-22 அறிக்கைப்படி 18 முதல் 23 வயதுள்ள 100 பேருக்குக் கல்லூரியில் இருப்பவர்கள் நாடு முழுக்க 28.4, கர்நாடகத்தில் 36.2, தமிழ்நாட்டில் 47. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிகம் பையன் பெங்களூர்க் கல்லூரியில் சேர்ந்தால் அவன் பெங்களூர்க் கணக்கு. தங்கவயல் கல்லூரியில் ஒரு தலை குறைந்துவிடும். அடுத்த வருஷம் அதிகாரி அந்த நம்பரைப் பார்த்துவிட்டு "இங்கே டிமாண்ட் இல்லை" என்று எழுதுவார். பாடம் வராது. பாடம் இல்லாததால் இன்னும் பத்துப் பேர் ரயில் ஏறுவார்கள்.

வங்கியில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஊர்க்காரன் எல்லாருக்கும் சம்பளக் கணக்கு டவுன் கிளையில் இருக்கும். மேலிடம் ஊர்க் கிளையின் டெபாசிட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஊரில் காசு இல்லை, கிளையை மூடு" என்று சொல்லும்!

2017ல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அதில் பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமையிடம் கோலார் பக்கத்து தமகா. தங்கவயல் அதன் எல்லைக்குள்தான் வருகிறது, ரோட்டில் போனால் சுமார் 30 கி.மீ. அப்பாடா, பக்கத்தில் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் நம் ரயில் நேராகப் போவது பெங்களூருக்கு. கோலாருக்கு ரயில் வேண்டுமானால் பங்காருப்பேட்டையில் இறங்கி மாற வேண்டும். பெயரிலேயே பெங்களூரை வைத்திருக்கிற அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் நகரத்தின் ஒரு பகுதிக் கல்லூரிகளும் வந்துவிட்டன. அங்கே எதைத் திறந்தாலும் பி.காம், பி.பி.ஏ, பி.சி.ஏ. லேப் வேண்டாம், நாலு பெஞ்ச் போதும். (பி.காம் படித்தவனே சொல்கிறேன்.)

தங்கவயலில் என்ன சொல்லிக் கொடுக்கலாம் என்று கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். 1965ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் வைத்துத்தான் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள், உலகத்திலேயே முதல் சில பதிவுகளில் அதுவும் ஒன்று. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988ல் அங்கேதான் ஆரம்பித்தது, பிறகு தலைமையகம் பெங்களூருக்குப் போய்விட்டது. (எல்லாமே கடைசியில் பெங்களூருக்குத்தான் போகும் போல.) நாம் சயனைடு மலை என்று சொல்கிற 13 கழிவு மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. அந்தத் தூசியை நூறு வருஷத்துக்கு மேல் சுவாசித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கெமிஸ்டாகப் போவார்களா, இல்லை வாட்ச்மேனாகப் போவார்களா? நிலவியல், உலோகவியல், சுற்றுச்சூழல் வேதியியல் மூன்றுக்கும் பரிசோதனைக்கூடம் வாசலிலேயே இருக்கிறது.

நான் இருக்கும் ஊரிலிருந்து 110 கி.மீ. போனால் பல்லாரட். அதுவும் தங்க ஊர்தான், 1851ல் தங்கம் கிடைத்தது. 1870ல் அங்கே ஒரு சுரங்கப் பள்ளி ஆரம்பித்தார்கள். தங்கம் தீர்ந்தது, பள்ளி தீரவில்லை. 1994ல் பல்லாரட் பல்கலைக்கழகம், 2014 முதல் ஃபெடரேஷன் பல்கலைக்கழகம். அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று சொல்லவில்லை, ஆள்குறைப்பும் நடந்திருக்கிறது. நான் சொல்ல வருவது கணக்கெடுக்கும் முறையை. ஆஸ்திரேலியாவில் கிராமப்புற மாணவன் என்பதை அவனுடைய நிரந்தர வீட்டு முகவரியை வைத்து எண்ணுகிறார்கள். மெல்போர்னில் படித்தாலும் அவன் பல்லாரட் பிள்ளைதான். வீட்டில் என்ன மொழி பேசுகிறாய் என்றும் கேட்கிறார்கள்.

நம் அகில இந்திய அறிக்கையில் சாதிப் பிரிவு இருக்கிறது, பாலினம் இருக்கிறது, சிறுபான்மை இருக்கிறது. தாய்மொழி என்று ஒரு கட்டம் கிடையாது. கோலார் மாவட்டத்தில் சுமார் 30 சதவீதம் பட்டியல் சாதியினர் (2011), மாநில சராசரி 17. அவர்களில் தமிழ் பேசும் பிள்ளைகள் எத்தனை பேர் கல்லூரி வாசலை மிதித்தார்கள்? அந்த அறிக்கையைத் தலைகீழாகப் புரட்டினாலும் தெரியாது. இது கன்னடத்துக்கு எதிரான பேச்சு இல்லை. எங்கள் தெருவில் எல்லாருக்கும் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் வரும். எண்ணிச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"தமிழ்நாட்டுக்குப் போய்ப் படிக்கட்டுமே" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். ஒரு மாநிலத்தில் வாங்கிய பட்டியல் சாதிச் சான்றிதழுக்குக் குடிபெயர்ந்து போன மாநிலத்தில் இட ஒதுக்கீடு கிடையாது என்று 1990லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாத்தா வேலூரிலிருந்து போனவராக இருந்தாலும் பேரன் அங்கே பொதுப் பட்டியல்தான்.

பெரிய ஆய்வெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ரயில்வேயில் மாணவர்களுக்குச் சலுகை சீசன் டிக்கெட் உண்டு. மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் மாசத்துக்கு எத்தனை விற்கிறது என்று பல்கலைக்கழகப் பதிவாளர் ஒரு கடிதம் எழுதிக் கேட்கட்டும். ஊர்ச் சங்கங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாலும் சரி, கட்டணம் 10 ரூபாய்தான்.