வெயில் எல்லாருக்கும் பொது

ஆண்டு முழுவதும் வெயிலுக்குக் குறைவில்லாத நாடு மலேசியா. அந்த வெயிலை மின்சாரமாக மாற்றும் சூரியத் தகடுகளை இப்போது பல வீடமைப்புப் பகுதிகளின் கூரைகளில் காண்கிறோம். மின்சாரத்தை வாங்கி மட்டுமே பழகிய குடும்பங்கள், அதை உற்பத்தி செய்து விற்கவும் தொடங்கிவிட்டன. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், இந்த வாய்ப்பு சொந்தக் கூரையும் கையில் பணமும் உள்ளவர்களோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

2011ஆம் ஆண்டில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் முதல், கூரையில் உற்பத்தியாகும் சூரிய மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்கு 21 ஆண்டுகள் விற்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? பயனீட்டாளர்களின் மின்கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கப்பட்ட கூடுதல் தொகையிலிருந்து வந்தது. தொடக்கத்தில் 1 விழுக்காடாக இருந்த அத்தொகை, 2014இல் 1.6 விழுக்காடாக உயர்ந்தது. மாதம் 300 அலகு வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே, தகடு பொருத்தாத பல குடும்பங்களும் இம்முயற்சிக்குத் தோள் கொடுத்துள்ளன.

2016இல் வேறொரு முறை அறிமுகமானது. வீட்டார் தமக்குத் தேவையான மின்சாரத்தைப் பயன்படுத்திவிட்டு, மிஞ்சியதைப் பொது மின்கம்பிக்கு அனுப்பினர். அதன் மதிப்பு அவர்களின் கட்டணத்தில் கழிக்கப்பட்டது. 2019 முதல், அனுப்பிய ஓர் அலகு வாங்கிய ஓர் அலகுக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. எனினும், தகடு பொருத்தப் பல்லாயிரம் ரிங்கிட் தேவை. 2024இல் அரசு 4,000 ரிங்கிட் வரை உதவித்தொகை அறிவித்தபோதும், மீதியை வீட்டாரே செலுத்த வேண்டியிருந்தது. அடுக்குமாடியில் வாழ்வோருக்கோ தனிக் கூரையே இல்லை.

இக்குறையைத் தீர்க்கக் கூரையை வாடகைக்கு விடும் முறை உதவும். நிறுவனம் தன் செலவில் தகடுகளைப் பொருத்திப் பராமரிக்கும். வீட்டுக்காரர் வாடகை பெறுவார். மின்சாரம் அக்கம்பக்கத்தாருக்கு விற்கப்படும். ஆனால், கூரை ஒழுகினால் பழுதுபார்ப்பவர் யார்? வீட்டை விற்றால் ஒப்பந்தம் என்னவாகும்? இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தத்தில் தெளிவான விடை இருக்க வேண்டும்.

முதலீடு செய்தவரே பயன்பெற வேண்டும் எனச் சிலர் கூறுவர். முதலிட்டவருக்கு வருமானம் கிடைப்பது நியாயமே. ஆயினும், இரவு வந்ததும் பெரும்பாலான சூரியத் தகட்டு வீடுகளும் பொது மின்கம்பியையே நம்புகின்றன. அதைப் பராமரிக்கும் செலவு எல்லாருக்கும் உரியது என்றால், பயனும் எல்லாரையும் எட்ட வேண்டும் அல்லவா?

இதற்குக் கூட்டுறவே சிறந்த வழி. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினர். அதுபோல, அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களும் பங்குப்பணம் சேர்த்துப் பொதுக் கூரையில் தகடுகளைப் பொருத்தலாம்; வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கேற்ற விதிகளை அரசு எளிமையாக வகுத்துத் தர வேண்டும். ஊர் கூடித் தேர் இழுத்தவர்கள் நாம். ஊர் கூடி வெயிலையும் அறுவடை செய்வோம்.