வாசலைவிட்டு உள்ளே போன பரனோவ்

அலாஸ்காவின் சிட்கா நகரில், பொது மண்டபத்தின் முன்னால் அலெக்சாந்தர் பரனோவ் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருந்தார். உரோமத் தோல் வியாபாரத்துக்காக வந்து, ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனியின் தலைமை நிர்வாகியாக 1818 வரை அந்தக் கரையை ஆண்டவர். 2020 ஜூலையில் நகரசபை அந்தச் சிலையை எடுத்து, அதே கட்டடத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் வைக்க முடிவுசெய்தது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்று உடனே குரல் எழுந்தது. நான் இதை ஏற்கவில்லை. அந்தச் சிலை 1989இல்தான் வந்தது; அவர் இறந்து அப்போதே 170 ஆண்டுகள் ஆகியிருந்தன. அது அவர் காலத்தின் சான்று அல்ல, பிற்காலத்தார் அவருக்குச் செய்த மரியாதை. கொடுத்த மரியாதையை ஊர் மறுபடி யோசிக்கலாம்.

எதற்கு மரியாதை என்று பார்க்க அந்த வியாபாரத்துக்குள் போக வேண்டும். கடல் நீர்நாய்க்கு உடம்பில் கொழுப்பு அடுக்கு கிடையாது. உறையவைக்கும் தண்ணீரில் அதைக் காப்பது மயிர்தான்; ஒரு சதுர அங்குலத்தில் லட்சக்கணக்கான இழைகள். அந்தத் தோலுக்குச் சீனாவில் பெரும் விலை. ஆனால் ஆடும் அலையில், தோல் போர்த்திய ஒடுங்கிய படகில் உட்கார்ந்தபடி, மூச்சுவிட மேலே வரும் விலங்கை ஈட்டியால் குறிதவறாமல் அடிக்கும் வித்தை ரஷ்யர்களுக்குக் கைவரவில்லை. அது பூர்வகுடிகளான உனங்கன், அலுத்திக் மக்களின் கைத்திறன். ரஷ்யர்கள் இவர்களுடைய பெண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துவைத்து ஆண்களை வேட்டைக்கு அனுப்பினார்கள். பரனோவின் கப்பல் சரக்கில் பெரும்பகுதி இவர்கள் ஈட்டி முனையில் கிடைத்தது. தனி ஆளாக உட்கார்ந்திருக்கும் சிலையில் அந்தப் படகுகளுக்கு இடமில்லை.

அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்திலேயே அவரை அளந்தவர்கள் இருந்தார்கள். 1794இல் கோடியாக் தீவுக்கு வந்த ரஷ்யத் துறவிகள், பின்னாளில் புனிதரான ஹெர்மன் உட்பட, பூர்வகுடிகளைக் கம்பெனி நடத்திய விதத்தை எதிர்த்தார்கள். 1802இல் சிட்காவின் பூர்வகுடிகளான திலிங்கிட் மக்கள் அங்கிருந்த அவருடைய கோட்டையையே தரைமட்டமாக்கினார்கள். 1804இல் அவர் போர்க்கப்பலோடு திரும்பினார். திலிங்கிட்டுகளுக்கு வெடிமருந்து ஏற்றிவந்த படகு வழியில் வெடித்துச் சிதறியது. கையிருப்பு குறைந்தது. முதியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, சிட்கா இருக்கும் தீவின் மறுகோடிக்கு நடந்தே போனார்கள். இன்றைய அளவுகோல் எதற்கு? இவர்கள் கொடுத்த அளவே போதும்.

அவர் திறமைசாலி என்பதை மறுக்கவில்லை. தட்டுப்பாட்டிலும் கடுங்குளிரிலும் கால்நூற்றாண்டுக்கு மேல் குடியிருப்புகளைக் கட்டிக்காத்தார்; பெரிய சொத்தும் சேர்க்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் இறந்தவரை ஜாவாவுக்கு அருகே கடலிலேயே அடக்கம் செய்தார்கள். இதையெல்லாம் விரிவாகச் சொல்ல அருங்காட்சியகத்தில் வசதி உண்டு. வாசலில் ஒரு சிலை வணக்கத்தை மட்டுமே கேட்கிறது.

சிலை போனால் நினைவும் போய்விடும் என்ற பயத்துக்கும் சிட்காவிலேயே பதில் இருக்கிறது. தீவின் பெயரே பரனோவ். ரஷ்யத் தேவாலயம் நகர நடுவில் நிற்கிறது. எதிர்த்தரப்பில், 1804 போரில் திலிங்கிட் தலைவர் கல்யான் கொல்லனின் சம்மட்டியை ஏந்தி, அண்டங்காக்கை வடிவத் தலைக்கவசம் அணிந்து இறங்கினார். அந்தப் போர்க்களத்தில் அவருக்கு நினைவுக் கம்பம் நட்டது 1999இல்தான். அதுவரை கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் அவர் குலத்தார் எந்த வெண்கலமும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக வாய்வழியே அந்தக் கதையைக் காத்தார்கள். அவர் அணிந்த காக்கைக் கவசம் சிட்காவின் இன்னொரு அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.