நாரதர் கொடுத்த ஏடு!

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலைத் திங்களில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் போர்க்கோட்டைகள் பன்னிரண்டு என்று தொகுத்த அந்த வரிசையில், தமிழ்நாட்டுக்கு உரியது இது ஒன்றே. அந்தப் பெருமையைப் பேசுவார்கள் என்று எண்ணிக் கல்யாண மகாலின் நிழலில் அமர்ந்தோம். செஞ்சித் தோழர்கள் கேட்டதோ கோட்டையைப் பற்றியன்று. ஒரு திரைப்படத்தைப் பற்றி! "'தியாகய்யா' என்னும் பழைய படத்தைக் கைப்பேசியில் பார்த்தோம். பாட்டு உருக்குகிறது, கதை உறுத்துகிறது. நாம் என்ன கருத்துக் கொள்வது?" என்றனர்.

உருக்குவதும் மெய், உறுத்துவதும் மெய். இரண்டையும் மறைக்காமல் பேசுவதே நமக்கு அழகு.

1946இல் வெளிவந்த தெலுங்குப் படம் அது. சித்தூர் வி.நாகய்யா தாமே தியாகராசராக நடித்து, தாமே இயக்கி, இசைப் பொறுப்பையும் ஏற்றுச் செய்த படம். அவருடைய குரலில் இருந்த கனிவை மறுப்பவன் செவியற்றவன். பின்னர் 1981இல் பாபு இயக்கத்தில் சோமயாஜுலு நடித்து மற்றொரு 'தியாகய்யா' வந்தது. கலைஞரின் திறமையோடு நமக்கு வழக்கில்லை. வழக்கு, அத்திறமையை ஊற்றி வைத்த வார்ப்போடுதான்.

பக்தன் கதை என்றொரு வார்ப்பு இருக்கிறது. அதில் எவரை ஊற்றினாலும் ஒரே பதுமைதான் வெளிவரும். நல்லவன் ஒருவன், அவனைத் துன்புறுத்தும் உறவினன் ஒருவன், பொன்னை நீட்டும் மன்னன் ஒருவன், இறுதியில் வந்து காக்கும் கடவுள்! தியாகராசர் கதையில் தமையன் வில்லனாகிறான். வழிபடும் சிலைகள் காவிரியில் எறியப்படுகின்றன. இராமன் அருளால் மீண்டும் கிடைக்கின்றன. இசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் விடை ஆயத்தமாக இருக்கிறது. நாரத முனிவர் துறவி வேடத்தில் வந்து 'சுவரார்ணவம்' என்னும் ஏட்டைக் கொடுத்துவிட்டுப் போனாராம்! கர்ணபரம்பரையாக வரும் இந்தக் கதையைத்தான் பாகவதர்கள் பரப்பினார்கள். மேடையும் திரையும் அந்தக் காற்றைத்தான் மூச்சாக இழுத்தன.

இதனால் தியாகராசருக்குப் பெருமையா, சிறுமையா? எண்ணிப் பாருங்கள், தோழர்களே! திருவாரூரில் 1767இல் பிறந்த ஒரு மனிதர், தஞ்சை அரண்மனை வித்துவானான சொண்டி வேங்கடரமணய்யாவிடம் பாடம் கேட்கிறார். ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்கிறார். ஒரே பல்லவியைச் சங்கதி சங்கதியாக வளர்த்தெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்துகிறார். ஏறத்தாழ எழுநூறு பாடல்கள் இன்றும் கிடைக்கின்றன. இவ்வளவும் உழைப்பு! இரவும் பகலும் தொண்டை வறளச் செய்த உழைப்பு. அந்த உழைப்பைப் பறித்து நாரதரின் கணக்கில் வரவு வைப்பவர் பக்தரா, பகைவரா? உழவன் விளைத்த நெல்லை 'மழைத்தெய்வம் தந்தது' என்று சொல்லி அளந்துகொண்டு போகும் மிராசுதாருக்கும், இசைவாணன் விளைத்த கீர்த்தனையை 'நாரதர் தந்தது' என்று சொல்லும் பாகவதருக்கும் என்ன வேறுபாடு?

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. தியாகராசர் காலத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்தவர் மொசார்ட். 1756இல் பிறந்து 1791இல், முப்பத்தைந்து வயதில், மாண்டவர். அவரைப் பற்றி மிலோஸ் ஃபோர்மன் 1984இல் 'அமேடியஸ்' என்னும் படம் எடுத்தார். எட்டு ஆஸ்கர் விருதுகள் குவிந்தன. அங்கே இராமன் இல்லை, நாரதர் இல்லை. ஆனாலும் அடித்தல் திருத்தல் ஒன்றுமின்றி, ஆண்டவனே சொல்ல எழுதியதுபோல் இசை தாளில் இறங்கியதாகக் காட்டுகிறார்கள். அதைக் கண்டு பொறாமைத் தீயில் வேகிறான் சாலியேரி. மெய் என்ன? மொசார்ட்டின் முன்வரைவுகள் கிடைத்திருக்கின்றன. 1785இல் ஆறு நால்வர் இசைக் கோவைகளை ஐடனுக்குக் காணிக்கையாக்கியபோது, அவை நெடுநாளைய கடும் உழைப்பின் பயன் என்று அவரே எழுதினார். தந்தை லியோபோல்டோ, வயலின் பயிற்சி நூல் எழுதிய ஆசான். வீடே பள்ளி, வாழ்வே பயிற்சி! கோட்டும் தொப்பியும் அணிந்த நாடாயினும், திருநீறும் நாமமும் அணிந்த நாடாயினும், உழைப்பைக் காட்டினால் கொட்டகை நிரம்பாது என்று படமெடுப்போர் முடிவு கட்டியிருக்கிறார்கள் போலும்.

வரலாற்றுக்கு வருவோம். அதைச் செஞ்சியிலிருந்தே தொடங்கலாம்.

1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். அதற்குச் சற்று முன்னரே அவருடைய மாற்றாந்தாய் மகன் ஏகோஜி தஞ்சையில் அமர்ந்துவிட்டார். அந்தப் போன்சலே மரபின் அவையில்தான் பின்னாளில் இசை கொழித்தது. செஞ்சியோ எட்டாண்டு முகலாய முற்றுகையில் வாடி 1698இல் வீழ்ந்தது; 1714இல் தேசிங்கைப் பலிகொடுத்தது; 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கும் 1761இல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. வடக்கே இப்படிப் போரும் சூறையும் நடக்க, கலை தெரிந்தோர் காவிரிக்கரை நோக்கி நகர்ந்தனர். தியாகராசரோடு மும்மூர்த்திகளுள் ஒருவராக வைத்து எண்ணப்படும் சியாமா சாஸ்திரியின் முன்னோர், காஞ்சியிலிருந்து பங்காரு காமாட்சியின் பொற்சிலையைச் சுமந்துகொண்டு வெளியேறி, இந்தச் செஞ்சியில் பல ஆண்டுகள் தங்கி, உடையார்பாளையம் வழியாகத் திருவாரூர் சேர்ந்ததாக அக்குடும்ப வரலாறு கூறுகிறது. உலகைக் காக்கும் அம்மனைக் காக்க மனிதர் ஊர் ஊராகத் தூக்கித் திரிந்தார்கள்! பக்தர்கள் இதைப் படமாக எடுக்கமாட்டார்கள். எடுத்தால் சிறுவனும் கேள்வி கேட்பான்.

பொன்னை மறுத்த காட்சிக்கு வருவோம். சரபோஜி மன்னர் அழைத்தார், தியாகராசர் போக மறுத்தார், செல்வமா சுகம் தரும் என்று கேட்டுப் பாடினார் என்பது இக்கதையின் மணிமுடி. பொன்னுக்கு மயங்காத நெஞ்சை நாமும் போற்றுகிறோம். அரண்மனை வாயிலில் காத்துக்கிடந்து, பட்டத்துக்கும் பதக்கத்துக்கும் பல்லிளிக்கும் வித்துவான்களுக்கு இது நல்ல பாடம். ஆனால் அந்த மன்னர் யார்? 1799 உடன்படிக்கையில் ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும் வருவாயில் ஐந்திலொரு பங்கும் பெற்றுக்கொண்டு, கோட்டைக்குள் அமர்ந்தவர். நாட்டின் வரியை வெள்ளையன் தண்டினான். மிச்சத்தில் மன்னர் இசை கேட்டார். 1781இல் ஐதர் அலியின் படை தஞ்சைத் தரணியைச் சூறையாடியபோது தியாகராசருக்கு வயது பதினான்கு. ஊரே பஞ்சத்தில் துடித்ததைக் கண்ட கண்கள் அவை. இவற்றையெல்லாம் பக்தி வார்ப்பில் ஊற்ற முடியாது, வார்ப்பு வெடித்துவிடும்.

உஞ்சவிருத்தி என்று பாடிக்கொண்டே தெருவில் போய் அரிசி பெற்று உண்டார் என்கிறார்கள். எளிய வாழ்வுதான், ஐயமில்லை. அந்த அரிசியை விளைத்தவன் எங்கே? காவிரிச் சேற்றில் நின்றவன், நிலத்தோடு சேர்த்து ஆளை விற்கும் கொடுமைக்கு உள்ளானவன். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரும்வரை கும்பினியின் முறைமன்றங்களே அடிமை உரிமையை ஏற்றுக்கொண்டிருந்தன. தியாகராசர் மறைந்தது 1847இல். அவர் வாழ்நாள் ஏறக்குறைய முழுவதும், பாட்டொலி கேட்ட தெருவுக்கும் பறைச்சேரிக்கும் நடுவே அந்தச் சட்டம் ஒரு மதிலாய் நின்றது. அதே காவிரிக்கரையில், அதே நூற்றாண்டில், கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் கதையைத் தமிழ்க் கீர்த்தனைகளாகப் பாடினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரை, பண்ணையாள் நந்தனை ஆட்டிவைக்கும் நிலக்கிழாராக, அவர்தாம் படைத்தார். முடிவில் நந்தனைத் தீயில் இறக்கியது அவர் கால எல்லை. ஆனால் பண்ணையில் நடந்ததைக் கண்ணால் கண்டு எழுதினார். அந்தத் துணிவில் கால்வாசிகூடத் தியாகராசர் படங்களில் இல்லை.

இந்த கோபாலகிருஷ்ண பாரதி திருவையாற்றுக்குப் போய்த் தியாகராசரைக் கண்டதாகவும், ஆபோகி இராகத்தில் உமது பாட்டு உண்டா என்று அவர் கேட்டதாகவும், இவர் உடனே தமிழில் ஒன்று இயற்றிப் பாட, அவர் மகிழ்ந்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இதுவும் செவிவழிச் செய்திதான். எனினும், நாரதர் கதையைப் போல் இயற்கைக்கு முரணானதன்று. தியாகராசர் தமிழ்ப் பாட்டைக் கேட்டு முகம் சுளித்தார் என்று அவருடைய அடியார்களும் சொல்வதில்லை.

அடியார்கள் என்ன செய்தார்கள்? 'தியாகய்யா' படம் வெளிவந்த அதே 1946இல், திருவையாற்று ஆராதனை மேடையில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். நந்தனாராகத் திரையில் தோன்றித் தமிழகத்தை உருக்கிய அதே தேசிகர்! மேடை தீட்டுப்பட்டுவிட்டது என்ற பேச்சு எழுந்தது. இளைஞராயிருந்த மு.கருணாநிதி 'குடி அரசு' ஏட்டில் 'தீட்டாயிடுத்து' என்று தலைப்பிட்டு எழுதி அந்தப் பேச்சை நாடறியச் செய்தார். படக்கொட்டகையில் கண்ணீர், பாட்டு மேடையில் தீட்டு! ஒரே ஆண்டில் இரண்டும் நடந்தன.

தியாகராசரையே கேட்டுப் பார்ப்போம். வேள்வியில் உயிர்க்கொலை செய்து இன்பம் தேடுவோரை அறிவிலிகள் என்று கண்டித்து ஒரு கீர்த்தனை பாடியிருக்கிறார். மனம் நிலைகொள்ளாதவன் மணியடித்துப் பூசை செய்து என்ன பயன் என்று மற்றொன்றில் வினவுகிறார். இராம பக்தர்தான், நம்மவர் அல்லர். ஆனால் பொய் வேடத்தைப் பொறுக்காதவர். சிலை காவிரியில் விழுந்து மீண்ட காட்சிக்கு இடம் கண்டவர்கள், இந்தப் பாடல்களின் பொருளை மக்களுக்கு விளங்கச் சொல்ல இடம் காண வேண்டாமா?

"பக்தர் கதையில் பக்தி இல்லாமல் எப்படி?" என்று கேட்பர். இருக்கட்டும்! அவர் இராமனை நம்பினார் என்பது வரலாறு, காட்டுங்கள். இராமன் வந்தான் என்பது புளுகு, காட்டாதீர்கள். நம்பிக்கை மனிதனுடைய உள்ளத்தில் நிகழ்வது. அதைத் தெருவில் நிகழ்ந்ததாகப் படம் பிடித்தால், பார்க்கும் பாமரன் தன் கடனும் பிணியும் தீர யாரோ இறங்கி வருவார் என்று வாய்பிளந்து காத்திருப்பான். வட்டிக்காரனுக்கு அது வசதி.

செஞ்சி நாட்டு மக்களுக்கு இதைவிட நன்றாகக் கதை சொல்லத் தெரியும். அரண்மனைப் புலவர் எவரும் எழுதாத தேசிங்கு கதைப்பாடலைப் பெயரறியாப் பாடகர்கள் உடுக்கடித்துப் பாடினர். அரசன் வீரத்தோடு நிறுத்தவில்லை, மணமேடையிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காகச் செத்த முகமதியத் தோழனையும் பாடினர், குதிரையையும் பாடினர். 1960இல் 'ராஜா தேசிங்கு' படம் எடுத்தவர்களும் அந்த நட்பைக் கைவிட முடியவில்லை. கதாநாயகனைச் சுற்றி நின்றவர்களை மறக்காதது மக்கள் கலை.

தியாகராசரைச் சுற்றி நின்றவர் யார்? அவருடைய பாடல்களை ஏட்டில் எழுதிக் காத்தவர்களுள் முதன்மையானவர் வாலாசாப்பேட்டை வேங்கடரமண பாகவதர். நெசவுத் தொழில் செய்யும் சௌராட்டிரக் குலத்தவர். நாரதர் கொடுத்த ஏட்டைக் கண்டவர் இல்லை. இவர் எழுதிய ஏடுகளோ மதுரையில் போற்றிக் காக்கப்பட்டன. பாழடைந்து கிடந்த சமாதிக்கு 1921இல் கடைக்கால் இட்டு, தன் நகையும் பொருளும் கொட்டிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் பிறந்தவர். அவர் கட்டிய கட்டடத்தின் முன்னே, பெண்கள் பாடக்கூடாது என்றனர் ஆண் வித்துவான்கள்! கட்ட ஆகும் கை, பாட ஆகாத வாய்! அந்த அம்மையார் அழுதுகொண்டு வீடு திரும்பவில்லை. பெண்களைத் திரட்டித் தனிக் கட்சி அமைத்து ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் இணைந்தபோது பெண் குரலும் மேடையேறியது. 1952இல் மறைந்த அவருக்கும் அங்கேயே, தியாகராசர் சமாதியை நோக்கியபடி நினைவிடம் இருக்கிறது.

இன்னொரு தியாகராசர் படம் எடுக்க யாரேனும் முன்வந்தால், கேட்காமலே ஒரு தொடக்கக் காட்சியை அளிக்கிறோம். ஆண்டு 1910. நாகரத்தினம்மாள் ஒரு நூலைப் பதிப்பிக்கிறார். தஞ்சைப் பிரதாபசிம்மன் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் தாசி தெலுங்கில் பாடிய 'ராதிகா சாந்தவனம்' அது. சீர்திருத்தச் செம்மல் என்று பெயரெடுத்த வீரேசலிங்கமே அந்த நூலைக் கண்டு முகம் சுளித்தவர். பெண் எழுதியதாலும், தன் விருப்பத்தைப் பெண்ணே பாடியதாலும் வந்த சுளிப்பு அது. வெள்ளை அரசு நூலுக்குத் தடை போடுகிறது. காவலர் படிகளைக் கைப்பற்றுகின்றனர். 1947வரை அந்தத் தடை நீடிக்கும். நூலைப் பறிகொடுத்த அந்தப் பெண் பின்னர் திருவையாற்றுக்கு வண்டியேறுகிறார். சமாதியைச் சுற்றி முட்செடி மண்டிக் கிடக்கிறது. இடையாடையை வரிந்து கட்டிக்கொண்டு விலை பேசுகிறார், நிலத்துக்கு.