நின்று பேசும் அன்னை

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் முதியோரைச் சற்றே கவனித்துப் பாருங்கள். சிலர் பேசிக்கொண்டே நடப்பர். கேள்வி ஒன்று எழுந்தால் நடந்தவாறே விடை சொல்வர். வேறு சிலரோ, யாரேனும் பேச்சுக் கொடுத்தவுடன் நின்றுவிடுவர். பேசி முடித்த பின்னரே அடுத்த அடியை எடுத்து வைப்பர். பேச்சில் அத்தனை சுவை போலும் என்று நாமும் கடந்து போய்விடுகிறோம். ஆயின், அந்த நிற்றலை மருத்துவ உலகம் பல ஆண்டுகளாக அக்கறையோடு ஆராய்ந்து வருகிறது. அதற்கும், அவர்கள் இளமையில் பள்ளிக்குச் சென்ற ஆண்டுகளுக்கும் தொடர்பு உண்டு என்றும் கூறுகிறது. இத்திங்கள் அதனைக் குறித்துச் சிந்திப்போம்.

நம் இல்லத்து நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறோம். நம் தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். எண்பதைக் கடந்தும், பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபடியே தெருக்கோடி வரை நடந்து வருவார். நம் அன்னையாரோ மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வழியில் யாரேனும் நலம் விசாரித்தால் உடனே நின்றுவிடுவார். “அம்மாவுக்குக் காலும் வாயும் சேர்ந்து ஓடாது” என்று நாம் கேலி பேசியதுண்டு, அவரும் சிரித்துக்கொள்வார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், கையில் பால் பாத்திரத்துடன் அவர் பின்கட்டுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். “என் மூக்குக் கண்ணாடி எங்கேம்மா?” என்று நாம் உள்ளிருந்து குரல் கொடுத்தோம். விடை சொல்லத் திரும்பினார். அடுத்த நொடியில் கீழே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை, படுக்கை, ஊன்றுகோல் என்று மாதங்கள் கழிந்தன. மூக்குக் கண்ணாடி நம் மேசை மீதேதான் இருந்தது. அந்த ஒரு குரலை எண்ணி நாம் வருந்தாத நாளில்லை. அந்த வருத்தமே இது குறித்துத் தேடிப் படிக்கவும் தூண்டிற்று.

சுவீடனில் ஓர் எளிய கவனிப்பு

1997-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். முதியோர் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த 58 பேருடன் அவர்கள் நடந்து சென்றனர். நடக்கையில் இயல்பாகப் பேச்சுக் கொடுத்தனர். அவ்வளவே சோதனை. பேச்சுத் தொடங்கியதும் 12 பேர் நின்றுவிட்டனர். பின்வந்த ஆறு மாதங்களில் அந்தப் பன்னிருவரில் 10 பேர் ஒரு முறையேனும் விழுந்தனர். நிற்காது நடந்த 46 பேரில் விழுந்தவர் 11 பேர். நிற்பது வெறும் பழக்கமன்று, உடலும் மூளையும் தரும் எச்சரிக்கை என்பது இதனால் புலனாயிற்று. நிற்காதவருக்கு ஆபத்தே இல்லை என்பதும் இதன் பொருளன்று.

விழுவதை எளிதாக எண்ணிவிடலாகாது. ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தெரிவித்தது. இவர்களுள் முதியோரே மிகுதி.

நடப்பதற்கும் பேசுவதற்கும் என்ன போட்டி? இளமையில் நடை தானாகவே நிகழ்கிறது. சிந்தனையை அது கேட்பதில்லை. மூப்பு வந்ததும் கண்ணின் ஒளி குன்றுகிறது. உள்செவியின் சமநிலை உணர்வும் பாதத்தின் தொடு உணர்வும் மங்குகின்றன. அந்தக் குறையை ஈடுசெய்ய, ஒவ்வோர் அடியிலும் கவனத்தைச் செலுத்த வேண்டியதாகிறது. நெற்றியில் பொருத்திய கருவியால், மூளையின் முன்பகுதிக் குருதியில் உயிர்வளி மாறுவதை ஒளியின் துணைகொண்டு அளக்கிறார்கள். வெறுமனே நடக்கும்போது இருப்பதைவிட, பேசிக்கொண்டே நடக்கும்போது அப்பகுதி மிகுதியாக உழைப்பது அதில் தெரிகிறது. கவனம் என்பது மாதச் சம்பளம் போன்றது. ஒரு செலவு கூடினால் மற்றொன்றைக் குறைத்தே ஆகவேண்டும். பேச்சுக்குச் செலவிட்டால் காலுக்குப் பற்றாக்குறை. ஆகவேதான் நடை தளர்கிறது, அடிகள் ஒழுங்கு தவறுகின்றன, அல்லது முதியவர் நின்றே விடுகிறார்.

படிப்பு செய்யும் உதவி

இந்த இடத்தில்தான் கல்வி வந்து சேர்கிறது. பள்ளியில் நாம் பெறுவது எழுத்தும் எண்ணும் மட்டுமல்ல. ஒன்றில் மனத்தை நிறுத்துதல், இரண்டை மாற்றி மாற்றிக் கவனித்தல், நினைவில் ஒன்றை வைத்துக்கொண்டே மற்றொன்றைச் செய்தல் ஆகிய பயிற்சிகளும் அங்கே கிடைக்கின்றன. இவ்வாறு சேர்ந்த வலிமை முதுமையில் மூளை தேயும்போது கைகொடுக்கிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்து யாக்கோவ் ஸ்டெர்ன் போன்றோர் இதனை மூளையின் சேமிப்பு என்ற பொருளில் விளக்கியுள்ளனர். அதிக ஆண்டுகள் படித்தோர், மனக்கணக்குச் செய்துகொண்டே நடக்கையில் பொதுவாகக் குறைவாகவே தடுமாறுகின்றனர்.

படித்தவர் நல்ல உணவு உண்டவர், வசதியாக வாழ்ந்தவர். அதுதானே காரணம் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஓரளவு விடை தருவோர் கன்னியர்களே. டேவிட் சுனோடன் என்பார் 1986-இல் அமெரிக்காவில் நோத்ருதாம் பள்ளிச் சகோதரிகளிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் 75 வயது கடந்த 678 சகோதரிகள் அதில் பங்குபெற்றனர். ஒரே வகை உணவு, ஒரே வகை உறைவிடம், ஒத்த வாழ்க்கை முறை. அவ்வாறிருந்தும், கல்லூரிப் படிப்பு முடித்த சகோதரிகள் முதுமையில் பிறர் துணையின்றி நெடுங்காலம் வாழும் வாய்ப்பு மிகுதி என்று தொடக்க ஆய்வுகளிலேயே தெரிந்தது. எனினும் அவர்களும் துறவு புகுமுன் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தவர்களே. ஆதலால் எல்லாம் கல்வியின் விளைவே என்று முடிவுகட்ட இயலாது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்வது இத்தகைய சோதனைகளில் வழக்கம். பள்ளியே காணாத பாட்டிக்கு அது நடைச் சோதனையாகுமா, கணக்குத் தேர்வாகுமா? தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடங்களைச் சுமந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே வரப்பில் நடந்தவர் நம் பாட்டிமார். கும்மியில் பாட்டும் கைதட்டும் காலடியும் ஒருங்கே பிசகாமல் ஆடியவர்கள் அவர்கள். எழுத்தறியாமை அறிவின்மையன்று. ஐதராபாத்தில் மறதிநோயுற்ற 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியான முடிவும் இங்கே நினைக்கத்தக்கது. இரு மொழி பேசுவோருக்கு அந்நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவரிடையேயும் இந்த வேறுபாடு காணப்பட்டது. மூளைக்குப் பள்ளிக்கு வெளியேயும் பாடம் உண்டு என்பதே இதன் பொருள்.

நாம் பட்ட கடன்

மருத்துவமனையில் நம் தாய்மாமன் நாள் தவறாமல் வந்து அன்னையாரின் கட்டிலருகே அமர்ந்திருப்பார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு மாலை அவர் சொன்னார்: “அக்காவுக்குப் படிப்பு நன்றாக வரும். நான் பிறந்ததும் என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்று பள்ளியை நிறுத்திவிட்டார்கள். வாத்தியார் வீடு தேடி வந்து கேட்டும் அனுப்பவில்லை.” அன்னையார் மறுமொழி ஏதும் கூறவில்லை. தம்பியின் கையை மட்டும் பற்றிக்கொண்டார்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். பெண்களில் 9 பேர் கூட இல்லை. அக்காலத்துச் சிறுமியரே இன்றைய பாட்டிமார். அவர்களது படிப்பை நிறுத்தி அந்தக் குடும்பங்கள் சேமித்தது எதுவாயினும், எழுபது ஆண்டுகள் கழித்து அதற்குரிய விலையில் ஒரு பகுதியை அவர்களுடைய கால்கள் கொடுத்துக்கொண்டிருக்கலாம். நம் அன்னையார் விழுந்தது படிக்காததால்தான் என்று நாம் சொல்லவில்லை. நனைந்த படி, மங்கிய கண், கையில் பாத்திரம், நம் குரல் ஆகிய எல்லாமே அதில் சேர்ந்திருந்தன. ஆயினும் அவரது நிற்றலைக் கேலி செய்த நாம், அவர் ஏன் நிற்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இனிச் செய்யக்கூடியது

காலம் கடந்துவிட்டது என்று சோர்வுறத் தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் 65 வயது கடந்த 134 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பியானோ இசைக்கேற்ப நடப்பதும், இசை மாறுகையில் அடியை மாற்றுவதும், கையில் பொருளை ஏந்தி அசைவதுமே பயிற்சி. டால்குரோஸ் என்னும் இசையறிஞர் வகுத்த முறை இது. வாரம் ஒரு மணி நேரமாக ஆறு மாதம் பயின்றதில் அவர்களது நடை சீர்பட்டது, விழுவதும் குறைந்தது. நம் நாட்டிலும், 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டியும் ஓட்டப் பழகினர். வளர்ந்த பின்னும் அறிவும் உடலும் சேர்ந்தே கற்கும் என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

வீட்டில் நாம் கைக்கொள்ளத்தக்கவை சில. முதியோர் நடக்கும்போதும் படியில் இறங்கும்போதும் பின்னாலிருந்து அழைக்காதீர்கள். எதிரே வந்து, அவர் நின்ற பின் பேசுங்கள். நடக்கையில் கைப்பேசியை அவர் கையில் கொடுக்காதீர்கள். சாலையைக் கடக்கும்போது கதை வேண்டாம். படிக்கும் குளியலறைக்கும் வெளிச்சமும் கைப்பிடியும் அமையுங்கள். கண்ணையும் செவியையும் ஆண்டுதோறும் பரிசோதியுங்கள். முன்பு பேசியபடி நடந்தவர் அண்மையில் நிற்கத் தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவரது யோசனை பெற்று, துணைக்கு ஒருவர் அருகிருக்க, பாடிக்கொண்டே நடக்கும் பயிற்சியும் தரலாம். வீட்டில் வளரும் சிறுமியின் படிப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். அவளுடைய எழுபதாம் வயதுக்கும் அது துணையாகும்.

அன்னையார் இப்பொழுது ஊன்றுகோலுடன் மெல்ல நடக்கிறார். மாலையில் நாளிதழின் தலைப்புகளை எழுத்துக்கூட்டிப் பேத்திக்குப் படித்துக் காட்டுகிறார். கோவிலுக்குச் செல்லும் வழியில் யாரேனும் நலம் விசாரித்தால் முன்போலவே நின்றுவிடுகிறார். நாமும் உடன் நிற்கிறோம். அவர் பேசி முடித்து அடியெடுத்து வைக்கும் வரை நமக்கு வேறு அவசரம் ஏதுமில்லை.