வேலூர்க் குழந்தைகளின் சாட்சியம்

சர்க்கார் ஒரு மருந்தை ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்குமுன், அதன் குணத்துக்கும் விலைக்கும் ஆதாரம் எங்கே என்று கேட்பது பிரஜைகளின் உரிமை. அந்நிய தேசத்து ஆதாரம் மட்டும் போதாதென்பதற்கு வேலூரே அத்தாட்சி.

2002-ம் வருஷம் முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளிற் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை கவனித்து வந்தனர். ரோட்டா வைரஸ் என்னும் கிருமி இருமுறை தொற்றினால் பிறகு கடும் பேதி வராதென மெக்ஸிகோ ஆராய்ச்சி கூறியிருந்தது. இங்கோ, மூன்று முறை தொற்றிய பின்பும் நூற்றுக்கு 79 பங்கு பாதுகாப்பே கிட்டியதென 2011-ல் வெளியான முடிவு காட்டிற்று. ஆறு மாதத்துக்குள்ளாகவே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிருமி பற்றியிருந்தது.

டில்லியிற் பிறந்த சிசுவிடம் கண்ட கிருமியைக் கொண்டே செய்த சுதேசி மருந்து ரோட்டாவாக். டில்லி, புனா, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அது பரீட்சிக்கப்பட்டது. முதல் வயதில் கடும் பேதியை நூற்றுக்கு 56 பங்கு தடுத்தது. இது சொற்பமென்பாரும் உளர். ஆனால் தயாரிப்பாளர் அறிவித்த விலை வேளைக்கு ஒரு டாலர்! எட்டாத உயர்ந்த மருந்தைவிட எட்டும் மருந்தே ஏழைக்கு மருந்தென்பது நமது அபிப்பிராயம். 2016-ல் நான்கு மாகாணங்களிலும், 2017-ல் தமிழ்நாட்டிலும் அது இலவசமாய் வழங்கப்படலாயிற்று.

குடல் செருகல் என்னும் அபாயம் குறித்து வேலூர் விவரங்களைத் தனியே வெளியிட வேண்டுமென்ற கோரிக்கை நீதிஸ்தலம் வரை சென்றது. பின்னர் 27 ஆஸ்பத்திரிகளில் 2019 வரை நடந்த விசாரணையில், மருந்தினால் அவ்வபாயம் மிகுந்ததாகக் காணவில்லை. நல்லதே. எனினும், கட்சிக்காரர் தாக்கல் செய்யத் தயங்கும் தஸ்தாவேஜு சந்தேகத்தையே வளர்க்குமென்பதை வக்கீல்கள் அறிவர்.

இனிப் பாலாற்றங்கரைக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளின் கழிவுநீர் வழக்கில், சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாயோ பகுதியாயோ பயிருக்கு உதவாமற் போனதை 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துக் காட்டியது. 2025 ஜனவரியிலும் அதே கோர்ட்டு அதே மாசைப் பற்றி உத்தரவிட நேர்ந்தது. நிலத்தைக் கணக்கெடுத்தாயிற்று. குரோமிய உப்பிலும் சுண்ணாம்பிலும் கையிட்டு உழைப்பவனுடைய தோலையும், நெஞ்சையும், அவன் வீட்டார் குடிக்கும் நீரையும் யார் கணக்கெடுப்பது? பேதிக்குச் செய்தது போல வீடு வீடாய், வருஷக்கணக்கில், ஊர்வாரியாய் ஆராய்ந்து, முடிவுகளை ஒளிக்காமல் தமிழில் அச்சிட வேண்டும். தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சந்தா அவன் கூலியிலிருந்தும் பிடிக்கப்படுகிறது. ஆகவே அவன் இதைத் தர்மமாகக் கேட்கவில்லை. இதற்கான உத்தரவைச் சென்னை சர்க்கார் உடனே பிறப்பிக்க வேண்டும்.