அடுப்பெரியுமுன் அலையும் கால்கள்

பசித்தவனுக்குச் சோறிடுதலைத் தலையாய அறமென்று போற்றிய இனம் நம்மினம். ஆனால் அச்சோற்றை நியாயமான விலைக்கு விற்றுத் தன் பிள்ளைகளைக் காப்பாற்ற எண்ணும் ஒரு வன்னிப் பெண், முதற்பானையை அடுப்பிலேற்றுமுன் எத்தனை கந்தோர்ப் படிகளை ஏறியிறங்க வேண்டியிருக்கிறது என்பதை நம்மவருள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பெருந்தொழிற்சாலைகளைப் பற்றியும் பிறநாட்டு மூலதனத்தைப் பற்றியும் மேடைதோறும் முழங்குகின்றனர். நான்கு மேசைகளும் பதினாறு நாற்காலிகளும் கொண்ட ஒரு சாப்பாட்டுக்கடையைப் பற்றிப் பேசுவாரைக் காணோம். ஆகவே நாம் பேசுகிறோம்.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு சிறு உணவகம் திறக்க முனைபவர் நடக்க வேண்டிய வழியைச் சற்று நோக்குவோம். வதிவிடத்தை உறுதிப்படுத்தக் கிராம அலுவலரிடம் செல்ல வேண்டும். வியாபாரப் பெயரைப் பதியப் பிரதேச செயலகம் செல்ல வேண்டும். கட்டடத்துக்கும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வியாபார உரிமத்துக்கும் பிரதேச சபையை நாட வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் நிறைவேற்றப்படுவதைக் கவனிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சமையலறையைப் பார்வையிட வேண்டும். சமைப்போருக்கு மருத்துவச் சான்று, கிணற்று நீருக்குச் சோதனை, வியாபாரத்துக்கான மின் இணைப்பு என்று வரிசை நீள்கிறது.

இவற்றுள் எதுவும் தனியே பார்த்தாற் பெருஞ்சுமையன்று. ஆனால் ஒரு கந்தோரின் கடிதம் இன்றேல் மற்றக் கந்தோர் அசையாது. உரிய உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போயிருப்பார். அல்லது வெளிக்களக் கடமையிலிருப்பார். துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் பஸ்ஸேறி வந்தவர், "நாளை வாருங்கள்" என்ற சொல்லோடு திரும்புகிறார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் கொடுக்கும் விலை ஒரு நாட்கூலியும் இருவழிப் பஸ் கட்டணமும். முற்பணம் கொடுத்தெடுத்த கடையறையின் வாடகையோ, கதவு திறக்குமுன்னமே ஓடத் தொடங்கிவிடுகிறது.

சுகாதார விதிகளே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வவுனியா மாவட்டத்திலே சிறுநீரக நோய் எத்தனையோ உழவர் குடும்பங்களை வாட்டியிருக்கிறது. அத்தகைய மண்ணிலே நீரைச் சோதிக்காது உணவு விற்கலாமென்று எவன் துணிந்து கூறுவான்? விதி வேண்டும், ஆனால் விதி வேறு, இழுத்தடிப்பு வேறு. உண்பவன் உயிரைக் காப்பது விதியின் நோக்கம். விற்பவளின் மனத்தை முறிப்பது எவருடைய நோக்கமுமன்று. எனினும் அதுவே நடைபெறுகிறது.

இனி மூலதனத்தைப் பார்ப்போம். கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டக் காணிகளிற் பெரும்பகுதி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அவற்றை எண்ணியபடி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. உறுதிக் காணியைக் கேட்கும் வங்கியின் முன் பெர்மிட் காணிக்காரர் வெறுங்கையராய் நிற்கிறார். 2009 இன் பேரழிவிலே வீட்டோடு பத்திரங்களையும் பறிகொடுத்தோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அரச வங்கியின் கதவு அடைபட, வீடு தேடி வந்த நுண்கடன் கம்பனிகளின் வலையில் நம் பெண்கள் வீழ்ந்தனர். 2018 இல் அரசாங்கமே வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதித்து, வரட்சியால் வாடிய மாவட்டங்களிலே பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வர நேர்ந்ததென்றால், அவ்வலையின் கொடுமையை விரித்துரைக்க வேண்டுமோ?

இத்தனையும் தாண்டி அடுப்பு மூட்டியவரைப் பொருளாதார நெருக்கடி தாக்கியது. 2021 செப்தெம்பரில் 1,493 ரூபாவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. 2024 தை பிறந்ததும் பெறுமதி சேர் வரி 18 வீதமாகி, அதுவரை விலக்குப் பெற்றிருந்த சமையல் எரிவாயுவையும் தொட்டது. பின்னர் சில விலைகள் இறங்கினவேயாயினும், அக்காலத்திற் கடன்பட்டு மூடிய கடைகள் அதனால் மீண்டும் திறந்துவிடா. போதாக்குறைக்கு, போர் முடிந்த ஆண்டுகளில் ஏ-9 வீதியோரத்திலே படையினரும் சிற்றுண்டிச்சாலைகள் நடத்தினர். அரசாங்கச் சம்பளம் பெறும் ஆட்களைக் கொண்டு தேநீர் விற்பவரோடு, கடன் வாங்கிக் கடை வைத்தவர் எங்ஙனம் போட்டியிடுவது?

வழியே இல்லையோவென்றால், உண்டு. அதை நம் கண்முன்னே கண்டிருக்கிறோம். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு தோன்றிய 'அம்மாச்சி' உணவகங்களை அறியாதார் வன்னியில் இல்லை. தெற்கிலே 'ஹெல பொஜுன்' என்று வழங்கிய திட்டத்தின் வழியில் வந்ததாயினும், வடக்கிலே அது நம் தாய்வழிப் பாட்டியின் பெயரைச் சூடிக்கொண்டது. பெண்களே சமைத்து, உண்போர் கண்ணெதிரே ஆக்கி, குரக்கனும் உழுந்தும் ஒடியலும் இலைக்கஞ்சியுமாகக் குறைந்த விலைக்கு விற்றனர். உள்ளூரார் மட்டுமன்றித் தெற்கிலிருந்து வந்த பிரயாணிகளும் வரிசையில் நின்று வாங்கியுண்டனர்.

அம்மாச்சி ஏன் வென்றது? கைப்பக்குவம் வன்னியின் எந்த வீட்டிலும் உண்டு. அம்மாச்சியில் வேறுபட்டது ஒன்றே: கட்டடம், நீர், அனுமதி என்னும் பாரங்களை அரச நிறுவனம் தன் தோளில் ஏற்றது, பெண்கள் சமையலை மட்டும் ஏற்றனர். அலைச்சலை நீக்கினால் நம் பெண்கள் வெல்வர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? விவசாயம் மாகாணத்தின் கையிலும், மாகாணம் மக்கள் தெரிந்தெடுத்தோர் கையிலும் இருந்த நாளில் மலர்ந்த திட்டம் இது என்பதையும் மறத்தலாகாது. 2018 ஒக்தோபரில் வடமாகாண சபையின் ஆயுள் முடிந்தபின், தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. அதிகாரம் அருகிலிருந்தால் அடுப்பும் எரியும். தொலைவிற் சென்றால் விண்ணப்பங்கள் மட்டுமே குவியும்.

உழவர் பெருமக்கள் இதைத் தமக்குப் புறம்பான விடயமென எண்ணலாகாது. இரணைமடுவின் நீரால் விளைந்த நெல்லை அறுவடை நாளிற் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, அதையே அரிசியாக அதிக விலைக்கு வாங்கியுண்கிறோம். ஊர்தோறும் உணவகம் இருந்து, அது மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் செட்டிகுளத்து உழுந்தையும் வன்னி எருமைத் தயிரையும் நேரே வாங்குமாயின், இடைத்தரகரின் பங்கு உழவன் மடியில் விழும். சாப்பாட்டுக்கடை திறக்காத ஒவ்வொரு நாளும் உழவனுக்கும் நட்டமே.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவதாக, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் வாரத்தில் ஒரு நாள், பிரதேச சபை, சுகாதாரப் பகுதி, மின்சாரப் பகுதி ஆகியவற்றின் உத்தியோகத்தர் ஒரே மேசையில் அமர்ந்து சிறு உணவக விண்ணப்பங்களை முடிக்க வேண்டும். இரண்டாவதாக, கேட்கப்படும் பத்திரங்கள் அனைத்தையும் ஒரே தாளில், நல்ல தமிழில் அச்சிட்டு முதல் நாளே கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, குறைகண்ட பரிசோதகர் அதை எழுத்திற் காட்டி, திருத்த வழியும் சொல்ல வேண்டும். நான்காவதாக, பெர்மிட் காணிக்காரருக்கு, ஈடின்றிக் குழுப்பிணையில் கடன் வழங்க அரச வங்கிகள் முன்வர வேண்டும். 2025 மே மாதம் மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுத்த பிரதேச சபையினர், இவற்றிற் பலவற்றைத் தம் முயற்சியாலேயே தொடங்கி வைக்கலாம்; கொழும்பைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.

கற்றோருக்கும் ஒரு சொல். கணக்காளரும் சட்டத்தரணியும் பொறியியலாளரும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் மாதம் ஒரு மாலைப் பொழுதைத் தம்மூர் வாசிகசாலையில் செலவிட்டு, ஏழை ஒருத்தியின் விண்ணப்பத்தைச் செம்மையாக நிரப்பிக் கொடுத்தாற் குறைந்தா போவர்? கந்தோரின் பாஷை அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கற்ற கல்வி பயன்படவேண்டிய இடம் அதுவன்றோ?

அவள் எவரிடமும் பிச்சை கேட்கவில்லை. உழைக்க இடம் கேட்கிறாள். அந்த இடத்துக்குப் போகும் வழியிற் கிடக்கும் முட்களை அகற்றுவது அரசாங்கத்தின் கடன். அகற்றும்படி ஓயாது கேட்பது நம் கடன்.