பர்லாங் இன்னும் ஓடுது!

பனமரத்துப்பட்டிப் பக்கம் பெரியவர்கள் ‘ரெண்டு பர்லாங் தூரம்’ என்றால் இளசுகள் விழிக்கும். ஒரு பர்லாங் 220 கெஜம், சுமார் 201 மீட்டர். அந்தக்கால இங்கிலாந்தில் ஏர்மாடுகள் நிற்காமல் உழுத சாலின் நீளம்!

ஏரை விட்டுக் குதிரைக்குத் தாவிய இந்த அளவை இங்கிலாந்துப் பந்தயங்கள் இன்றும் விடவில்லை. நம் நாட்டில் மீட்டர்தான். ஆனால் 1000, 1200, 1400 என 200 மீட்டராக ஏறுகிறதே... மாறுவேஷத்தில் பர்லாங்! மும்பையில் நடக்கும் இந்தியன் டெர்பியின் 2,400 மீட்டரும் 12 பர்லாங் கணக்குதான்.

ஜெயிப்பது மூக்கு, தலை, கழுத்து வித்தியாசத்தில். சரி, வயசு? இங்கே பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். மே மாதக் குட்டி, ஜனவரியில் பிறந்ததோடு ‘சமவயசு’ என்று மோத வேண்டும். நாலு மாத வளர்ச்சி பாக்கி, பாவம்! அதனால்தான் வளர்ப்பவர்கள், வருடத் தொடக்கத்தில் குட்டி பிறக்கும்படி 11 மாதம் முன்பே கணக்குப் போட்டு இணை சேர்க்கிறார்கள்.